கேட்டால்தான் தீட்டு

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முன்பே மழை வந்து உட்கார்ந்துகொண்டது. பாகீரதி படித்துறையின் பாதிப் படிகளை விழுங்கியிருந்தது. ஹாஜ்ரா வீட்டு முற்றத்தில் கட்டிய தார்ப்பாயின் வயிற்றில் தண்ணீர் தேங்கித் தேங்கி, யாராவது மூங்கிலால் குத்தித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தள்ளியவர் தலையிலேயே அது கொட்டும்.

மேளக்காரர் நிமாய் மண்டபத்து ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி, மேளத்தின் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் அரிசி மூட்டையைத் தட்டியது போலிருக்கும். பக்கத்தில் அவர் தம்பி கௌர் சேகண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அரைத் தலை நரைத்துவிட்டது.

"சின்ன பாபு இருந்திருந்தா இந்நேரம் கௌரைத் திட்ட ஆரம்பிச்சிருப்பார்" என்றார் நிமாய். "அவன் அடி பிந்துது, அவன் அடி பிந்துதுன்னு."

சமையலறை வாசலில் அரிவாள்மணைமேல் உட்கார்ந்து பூசணி நறுக்கிக்கொண்டிருந்த ரேபா சிரிக்கவில்லை. பூசணித் துண்டு கையிலிருந்து நழுவி உருண்டது. கௌர் எடுத்துக் கொடுத்தார்.

சின்ன பாபு என்றால் பல்டு. ரேபாவின் தம்பி. வீட்டுக்கு மூத்தவர் பவதோஷ், நடுவில் ரேபா, கடைக்குட்டி பல்டு. ரேபா கல்கத்தாவில் வாழ்க்கைப்பட்டவள். முழங்கால் வலிக்காரக் கணவனை விட்டுவிட்டு ஒவ்வொரு பூஜைக்கும் கால்னாவுக்கு வந்துவிடுவாள். பல்டு வருவதில்லை. அவன் கல்யாணம் செய்துகொண்ட காஜல், ஏற்கெனவே ஒருமுறை கணவனை இழந்தவள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். ஒரு வருஷம் அவளைப் பூஜைக்கு அழைத்து வந்தான். அம்மனுக்குப் படைக்கும் சோறு சமைக்கிற அறை வாசலில் பவதோஷ் கையை நீட்டி அவளை நிறுத்திவிட்டார். பல்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. துர்காபூருக்குப் போனவன்தான்.

இப்போது அவன் துர்காபூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரல். மகாளய அமாவாசைக்கு மறுநாள் காஜல் போன் செய்து சொன்னாள்: டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். "தசமி முடிஞ்சதும் போறேன்" என்றார் பவதோஷ். தன் அரிசி மில்லுக்குக்கூட அவர் அந்த வாரம் போகவில்லை. மண்டபத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சஷ்டி சாயங்காலம், அம்மனை அழைக்கிற பூஜையில் மேளம் எழும்பியது. காலனித் தெரு, நெசவாளர் தெரு என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் முற்றத்தில் நின்றிருந்தோம். அந்தச் சத்தத்தில் ரேபாவின் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பூசணித் தோல் குவியலுக்குப் பக்கத்தில் அதன் முகம் மட்டும் ஒளிர்ந்தது. பவதோஷின் மகள் ஜும்பா எட்டிப் பார்த்தாள். ஹைதராபாத்தில் வேலை, அன்று காலைதான் வந்திருந்தாள்.

"பிஷி, காஜல் காகிமா" என்று சித்தியின் பெயரை அத்தையிடம் சொன்னாள்.

ரேபா கை நீட்டினாள். பூசணிப் பசை. புடவையில் துடைத்தாள். அதற்குள் பவதோஷ் வந்து நின்றுவிட்டார். தோளில் பட்டு, கையில் தர்ப்பை.

"எடுக்காதே."

"பொர்தா, அவன் எப்படி இருக்கான்னு தெரிய வேண்டாமா?" என்றாள் ரேபா அண்ணனிடம்.

"நல்ல சேதிக்கு இந்த நேரத்துல யாரு போன் பண்ணுவா?"

போன் அணைந்தது. அடுத்து பவதோஷின் மனைவி ஷெபாலியின் போன் ஒளிர்ந்தது. அதே பெயர். ஷெபாலி அதைத் தொடாமல், சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல் துணியால் மூடினாள்.

எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். தூரத்தில் ஒரு பங்காளி போனால், அவர் போன நேரத்திலிருந்து தீட்டு இல்லை. சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். கேட்காதவரை விளக்கேற்றலாம், பூப் போடலாம். கேட்டுவிட்டால் மண்டபத்துப் படியில்கூடக் கால் வைக்கக் கூடாது.

புரோகிதர் ஷிபேன் சக்ரவர்த்தி அப்படிச் சொல்லவில்லை. "சங்கல்பம் ஆயிட்டா அப்புறம் தீட்டு ஒண்ணும் பண்ணாது பவதோஷ். சாஸ்திரத்துல இடம் இருக்கு" என்றார்.

"உங்க சாஸ்திரத்துல இருக்கு. எங்க வீட்டுல இல்லை."

பவதோஷ் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சப்தமியன்று தந்தி வந்தது. யாரோ சித்தப்பா, ராஞ்சியில். அவருடைய அப்பா அதை உரக்கப் படித்துவிட்டார். வீடு முழுக்க வெளியே போய்த் தெருவில் நின்றது. புரோகிதர் உள்ளே தனியாகப் பூஜையை முடித்தார். சமைத்து வைத்த கிச்சடியைப் பசுமாட்டுக்குக் கொட்டினார்கள். குழந்தைகள் பசியோடு சுவரோரம் நின்று மேளச் சத்தம் மட்டும் கேட்டார்கள். அந்தக் கதையைப் பவதோஷ் பாதியில் நிறுத்திவிடுவார். மாடு சாப்பிட்ட இடத்தோடு.

"போனையெல்லாம் கொண்டாங்க" என்றாள் ஜும்பா. ஒவ்வொன்றாக வாங்கிச் சத்தத்தை அணைத்தாள். அலமாரியில் பொரி டப்பா இருந்தது. அதற்குள் போட்டாள். "சாமி கும்பிட வந்தா கும்பிடுங்க. இல்ல, ஆளுக்கொரு மூலைல நின்னு போனைப் பார்த்துப் பயந்துட்டே இருங்க. பாபா, சிக்னலே இல்லன்னு நெனச்சுக்குங்க."

"வாயாடாதே" என்றார் பவதோஷ். ஆனால் தன் போனையும் கொடுத்தார்.

சப்தமியன்று மத்தியானம் மழை ஓய்ந்து புழுங்கியது. பந்தி முற்றத்தில். இலையில் பருப்பு, கத்தரிக்காய் வறுவல், ரோகு மீன் குழம்பு. ஷெபாலி பரிமாறிக்கொண்டு வந்தாள். ரேபா இலையில் பெரிய துண்டு, வயிற்றுப் பக்கம், வைத்தாள். அது ரேபாவுக்குப் பிடித்த துண்டு.

ரேபா பருப்பைப் பிசைந்து சாப்பிட்டாள். கத்தரிக்காயைச் சாப்பிட்டாள். மீனை இலையின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

எதிர் வரிசையில் பவதோஷ் கையை நிறுத்தினார். "மீன் ஏன் தொடலை?"

"வயிறு சரியில்ல."

"கத்தரிக்கா எண்ணெய் வயித்துக்கு நல்லதா?"

பக்கத்து இலைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சங்கு வளையல் போட்ட பெண், சுமங்கலி, பண்டிகை நாளில் மீனை ஒதுக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் யாரோ போயிருக்க வேண்டும்.

"நீ ஏதாவது கேட்டியா?" தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்ல."

"அப்போ சாப்பிடு."

"பொர்தா..."

"நீ ஒண்ணும் கேக்கலைன்னா சாப்பிடு ரேபா. எல்லாரும் பாக்குறாங்க."

ரேபா மீனைப் பிய்த்தாள். முள்ளை எடுத்தாள். வாயில் வைத்து மென்றாள். வெகுநேரம் மென்றாள். பவதோஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் இலையிலிருந்த துண்டையும் சாப்பிட்டார். ருசித்துச் சாப்பிட்டவர் போலத்தான் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பின்கட்டுக்குப் போய்க் கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். வாந்தி எடுத்தாரா என்று ஷெபாலி எங்களிடம் சொல்லவில்லை.

அன்று மாலை ஆரத்தி நேரத்தில் பொரி டப்பாவின் மூடி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அணைந்தது. திரும்பவும் தெரிந்தது.

"ஆரத்தி நேரமாப் பாத்து அடிக்கிறாங்க" என்றாள் ஜும்பா.

"வீட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்கிற நேரம்னு அவளுக்குத் தெரியும்" என்றாள் ஷெபாலி. "ஒரே தடவைல சொல்லிடலாம்னு பாக்குறா."

"வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு வந்திருக்கு. பிஷி போனுக்கு."

"தொடாதே" என்றது இரண்டு குரல். ஒன்று ஷெபாலியுடையது. இன்னொன்று ரேபாவுடையது. ரேபாவே தன் குரலைக் கேட்டு ஒரு நிமிஷம் அசந்துபோனாள்.

அஷ்டமிக் காலையில் பவதோஷ் முகச்சவரம் செய்துகொண்டார். தீட்டுக்காரன் கத்தி தொடமாட்டான், அதனால் ஊரார் பார்க்க வாசலில் கண்ணாடியை மாட்டி வைத்துக்கொண்டு செய்தார். தாடையில் வெட்டிக்கொண்டார். நாள் முழுக்க அந்த இடத்தில் படிகாரத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. புஷ்பாஞ்சலிக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பூவை நீட்டும்போது அவர் கையிலிருந்து பாதிப் பூ கீழே விழுந்தது. வயசாகிறது என்றார்கள்.

லூச்சிப் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டே ரேபா அண்ணியைக் கேட்டாள்: "பௌதி, நெஜமாச் சொல்லு. அவன் போயிட்டான்னு நெனக்கிறியா?"

ஷெபாலி எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா விடாம அடிக்கிறா. உடம்பு தேவலைன்னு சொல்ல இவ்வளவு தடவை அடிப்பாளா?"

"நான் வேற கோத்திரத்துக்குப் போனவ. எனக்கு உங்க அளவுக்குத் தீட்டு கிடையாது. நான் எடுத்தா என்ன?"

"எடுக்கலாம். எடுத்துட்டு உன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவ? உன் மூஞ்சியப் பாத்தா உங்க அண்ணனுக்குத் தெரியாதா? அவருக்குத் தெரிஞ்சா அது கேட்ட மாதிரிதான்."

நவமியன்று ஆட்டுக்கறி. மிளகாய் வறுத்த நெடி தெருக்கோடி வரை அடித்தது. அந்த நேரத்தில் ரேபா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பர்தமான் போய் அங்கிருந்து துர்காபூருக்குப் பஸ் பிடிக்கலாம்.

பவதோஷ் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

"போ. நான் வேண்டாம்னு சொல்லல. அவனை நான் வளர்த்தேன் ரேபா, நீயும்தான். போய்ப் பாரு."

"நீ வரமாட்ட."

"நாளைக்குத் தண்ணில அம்மாவை விட்டதும் வர்றேன். ஓடி வர்றேன்."

"நாளைக்கு எதைப் பாக்க வருவ?"

அவர் தாடையிலிருந்த வெட்டுக்காயத்தைத் தடவிக்கொண்டார்.

ரேபா டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா நிற்கும் முனை வரை போனாள். டிரைவர் எங்கே என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டு என்றாள். ஏறி உட்கார்ந்தாள். மழை பிடித்தது. டிரைவர் பக்கவாட்டுத் திரையை இறக்கினான். உள்ளே இருட்டாகிவிட்டது.

போனால் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் காஜல் நிற்கும் நிலையிலேயே தெரிந்துவிடும். தெரியாதவரை பல்டு கட்டிலில் படுத்திருக்கிறான், நர்ஸோடு சண்டை போடுகிறான், கஞ்சியில் உப்பு இல்லை என்கிறான். அண்ணன் ஒருவர்தான் கேட்கப் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தாள்.

"இறங்கிக்கிறேன்பா" என்றாள்.

நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். பவதோஷ் அதே தூணருகில் நின்றிருந்தார். ஷெபாலி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். சாயங்காலம் டப்பாவில் வெளிச்சம் வந்தபோது, அலமாரியே கண்ணில் படாதபடி ரேபா முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தசமி. பெண்கள் அம்மனுக்கு வெற்றிலையால் முகம் துடைத்து, வாயில் இனிப்பு வைத்து, ஒருத்திக்கொருத்தி குங்குமம் அப்பினார்கள். பொழுது சாயப் பிரதிமையை மூங்கில்மேல் ஏற்றினோம். நிமாய் அனுப்பும் அடியை அடித்தார், கௌர் சேகண்டியைத் தட்டினார். சேற்றில் வழுக்கி வழுக்கிப் படித்துறை வரை போனது. தண்ணீர் கறுப்பாக, வேகமாக ஓடியது. பிரதிமை முகம் மேலாக மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது. மேளக்காரர்கள் அங்கேயே விடைபெற்றுக்கொண்டு மேளத்துக்கு உறை போட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். காட்வா லோக்கலைப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் புரோகிதர் சாந்தி நீர் தெளித்தார். கடைசித் துளி விழுந்ததும் பவதோஷ், "போனைக் கொடு ஜும்பா" என்றார்.

ஈர வேட்டியைக்கூட மாற்றவில்லை. அறைக்குள் போய் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்தார். கோடி வெள்ளைத் துணி, கரையில்லாதது. கொள்ளி போடும் வீட்டார் கட்டுவது. எப்போது வாங்கி வைத்தார் என்று ஷெபாலிக்கே தெரியாது. அதை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து காஜலின் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இனிக் கேட்கலாம்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"காஜல். நான்தான், பெரியவன்."

"சொல்லுங்க."

"எப்பம்மா?"

"எது எப்ப?"

"பல்டு... எப்ப?"

காஜலின் குரலில் அழுகை இல்லை.

"முழிச்சுட்டு இருக்கார். உங்க மேல கோவமா இருக்கார். செத்துட்டார்னு நெனச்சீங்களா? அதனாலதான் எடுக்கலையா?"

பவதோஷின் மடியிலிருந்து துணி சரிந்தது. ரேபா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளா ஆரத்தி நேரம் பாத்து அடிக்கிறேன். பேச முடியல அவரால, மூச்சு வாங்குது. போன் போட்டு மேளத்துக்குப் பக்கத்துல வெக்கச் சொல்லு, அது போதும்னார். உங்க வீட்டுல எனக்கு வேற என்ன வேணும்? மெசேஜ்லயும் சொன்னேன். யாரும் பேசக்கூட வேண்டாம்னு சொன்னேன்."

ஜும்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப அடிக்கச் சொல்லுங்க" என்றாள் காஜல். "நாளைக்குக் காலைல வாயில குழாய் வெக்கப் போறாங்களாம். அப்புறம் மயக்கத்துலயே வெச்சிருப்பாங்களாம். எத்தனை நாள்னு தெரியாது. எந்திரிப்பாரான்னும் தெரியாது. இன்னிக்கிதான் கேக்க முடியும்."

"அடிக்கச் சொல்றேன். வெச்சுடாதே. வெச்சுடாதம்மா" என்று பவதோஷ் எழுந்தார். எழுந்த வேகத்தில் வேட்டி தடுக்கியது. "ரேபா, அவங்க போயிட்டாங்களா?"

"ஸ்டேஷன்ல இருப்பாங்க. வா."

டோட்டோவில் அவர் போனை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். "வேகமாப் போப்பா" என்று நூறு தடவை சொன்னார். டிரைவர், "பறக்கவா சொல்றீங்க?" என்றான். மழைத் தூறல் திரைக்குள் அடித்தது.

நிமாயும் கௌரும் பிளாட்பாரக் கோடியில் டீக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈர வேட்டியும் சேற்றுக் காலுமாகப் பெரிய பாபு ஓடி வருவதைப் பார்த்து நிமாய் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"நிமாய், உறையைக் கழட்டு."

"என்ன பாபு? என்ன ஆச்சு?"

ரேபா சொன்னாள். மூச்சிரைக்கச் சொன்னாள். நிமாய் கேட்டுக்கொண்டே உறையின் முடிச்சை அவிழ்த்தார். தோலை விரலால் சுண்டினார். முகம் சுளித்தார்.

"செத்துப் போய்க் கிடக்கு. படித்துறைல நனைஞ்சது." டீக்கடைக்காரரிடம் திரும்பினார். "அண்ணே, கெட்டிலை இறக்குங்க. அடுப்பு வேணும்."

"பால் பொங்கப் போகுதுய்யா."

"இறக்கு" என்றார் பவதோஷ். அவர் அரிசி மில்லில் ஆளை அதட்டும் குரல் அது. உடனே, "கொஞ்சம் இறக்குப்பா. என் தம்பிக்கு" என்றார்.

கரி அடுப்பின் அனலில் நிமாய் மேளத்தைச் சாய்த்துப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். காட்வா லோக்கல் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. கௌர் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

"இது போனா அடுத்தது ரொம்ப நேரங் கழிச்சுத்தான், அண்ணா."

"போவட்டும்" என்றார் நிமாய். திரும்பவும் சுண்டினார். இப்போது தோல் பேசியது. குச்சிகளை எடுத்தார். "என்ன அடிக்கட்டும் பாபு? இன்னிக்கு அடி, அனுப்புறதுதானே?"

பவதோஷ் அவரையே பார்த்தார்.

"அது வேண்டாம். அழைக்கிற அடி. சஷ்டிக்கு அடிச்சியே, அது."

நிமாய் குச்சியைத் தாழ்த்தினார். "அம்மாவை இப்பத்தான் தண்ணில விட்டுட்டு வர்றோம். இன்னிக்கு அழைக்கிற அடி அடிக்கக் கூடாது பாபு. எங்க அப்பா அடிச்சதில்ல. உங்க வீட்டு வழக்கத்துலயும் இல்ல."

"தெரியும். அடி."

"பாவம் யாருக்கு?"

"எனக்கு. அடி நிமாய்."

நிமாய் அடித்தார். முதல் அடி பிளாட்பாரத் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது. பூஜைக்கு வந்து ஊர் திரும்புகிறவர்கள், பெட்டியும் குழந்தையுமாக, திரும்பிப் பார்த்தார்கள். போகிற நாளில் இது என்ன அடி என்று ஒரு கிழவர் கேட்டார். கௌரின் சேகண்டி சேர்ந்துகொண்டது. பவதோஷ் போனை மேளத்துக்கு அருகில் நீட்டிப் பிடித்தார், பூ நீட்டுகிறவர் போல.

ரயில் வந்தது. நின்றது. நிமாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் போனது. அதன் சத்தம் முழுக்கக் கரைந்த பிறகு ரேபா போனில் காதை ஒட்டினாள். ஆக்ஸிஜன் இரையும் சத்தம். அதற்குள்ளிருந்து, உடைந்து உடைந்து அக்காவை அழைக்கும் ஒரு குரல்.

"தீதி... சேகண்டி... பிந்துது. யாரு... கௌரா?"

ரேபா தலையை ஆட்டினாள், அவன் பார்ப்பது போல.

பவதோஷுக்கும் அது கேட்டிருந்தது. கௌர் பக்கம் திரும்பினார். "கௌர், பல்டு சொல்றான். நீ பிந்துறியாம்."

"அவருக்கு எப்பவும் என்மேலதான் கண்ணு" என்றார் கௌர், கையை நிறுத்தாமல். முகத்தில் தண்ணீர் வழிந்தது, தூறலாகவும் இருக்கலாம். தட்டுவதைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார்.

டீக்கடைக்காரர் கெட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நிமாய் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரமாகியும் பவதோஷ் கையை இறக்கவில்லை. தோள் வலித்து உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கொண்டா பொர்தா, கொஞ்சநேரம் நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் ரேபா.

அவர் கொடுக்கவில்லை.